நடக்க முடியாதவர் தொடங்கிய பள்ளிகள்

பெண்களுக்குப் பள்ளி நடத்தும் கன்னியர் சபைகள் உலகில் பல உள்ளன. அவற்றுள் நாமூர் நோத்ர தாம் சகோதரிகள் சபையைப் பற்றி எழுத விழைகிறேன்.

இச்சபையைத் தோற்றுவித்த ஜூலி பில்லியார் 1751-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் குவில்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு சிறு கடைக்காரர். யாரோ தந்தையைக் குறிவைத்துச் சுட்ட அதிர்ச்சியில் ஜூலியின் உடல்நலம் குலைந்தது. நாளடைவில் கால்கள் செயலிழந்து, 22 ஆண்டுகள் நடக்க இயலாதிருந்தார். படுக்கையில் இருந்தபடியே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் புரட்சியாளர்கள் அவரைத் தேடியபோது, வைக்கோல் வண்டியில் மறைத்து ஊரைவிட்டுக் கொண்டு சென்றனர்.

அமியென் நகரில் பிரான்சுவாஸ் என்ற பிரபு குலப் பெண்மணியின் நட்புக் கிடைத்தது. சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்து, 1794-இல் ரொபெஸ்பியேர் வீழ்ந்ததால் உயிர் பிழைத்தவர் அவர். கடைக்காரர் மகளும் இந்தச் சீமாட்டியும் சேர்ந்து 1804-இல் சபையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஜூலி மீண்டும் நடந்தார்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அக்காலத்து மடங்கள் பலவற்றில் படிப்பும் சீதனமும் உடைய கன்னியர் ஒரு தரம். சமையலும் துவைப்பும் செய்வோர் இன்னொரு தரம். ஜூலி அந்த ஏற்றத்தாழ்வைத் தம் சபைக்குள் விடவில்லை. சகோதரிகள் மட மதிலுக்குள் அடைந்திராமல், தேவைப்படும் ஊர்களுக்கெல்லாம் சென்று ஏழைச் சிறுமிகளுக்கு இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்றார். அமியென் ஆயரோ சபையைத் தம் மறைமாவட்டத்துக்குள் நிறுத்த விரும்பினார். ஜூலி இணங்கவில்லை. ஆயருக்கே மறுப்புச் சொல்வதென்றால் அந்தக் காலத்தில் சாதாரணமா? 1809-இல் அமியெனை விட்டு வெளியேற நேர்ந்தது. இன்று பெல்ஜியத்தில் உள்ள நாமூர் நகரில் அவ்வூர் ஆயர் இடமளித்தார். 1816-இல் இறக்கும்வரை, முடங்கிக் கிடந்த அதே கால்களோடு ஊர் ஊராகப் பயணம் செய்தார். 1969-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

சரி, பள்ளிக்கூடம் நடத்துவோருக்கு நிலத் தகராற்றில் என்ன வேலை? இச்சபையின் அருட்சகோதரி டாரதி ஸ்டாங் 1931-இல் அமெரிக்காவில் பிறந்து, 1966-இல் பிரேசில் சென்றவர். அமேசான் காட்டுப் பகுதியான அனப்பூவில், குடியேறிய ஏழை உழவரின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அமைய உதவினார். ஆனால் பெரும் பண்ணையாளரின் ஆட்கள் குடும்பத்தையே நிலத்தைவிட்டு விரட்டினால், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும்? ஆகவே உழவரின் நில உரிமைக்காக அதிகாரிகளிடம் ஓயாது முறையிட்டார். காட்டை அழிக்காமல் பயிர்செய்யவும் கற்பித்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. ஊரைவிட்டுப் போக மறுத்தார்.

2005 பிப்ரவரி 12 அன்று, 73 வயதான அவரை மண்பாதையில் இருவர் மறித்தனர். ஆயுதம் உண்டா என்று கேட்டார்கள். கையிலிருந்த வேதாகமத்தைக் காட்டினார். ஆறு குண்டுகள் பாய்ந்தன. சுட்டவர்களும், ஏவிய பண்ணையாளர்களும் பின்னர் தண்டனை பெற்றனர். அவர் உடலை அனப்பூவிலேயே அடக்கம் செய்தார்கள்.