சின்னப் பிள்ளைகளுக்கு ஆலோசனை: கைவேலையிலிருந்து பேச்சுக்கு

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு மனத்தில் இருப்பதைச் சொல்லத் தெரியாது, செய்துகாட்டத் தெரியும். ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பல்வகை நுண்ணறிவுக் கொள்கை இங்கே கைகொடுக்கிறது. மொழி, கணக்கு, இடம், உடல், இசை, பிறரை அறிதல், தன்னை அறிதல் என்று ஏழு திறன்களை அவர் சொன்னார். இயற்கையை அறிதல் பின்னால் சேர்ந்தது. கொள்கைக்குச் சான்று போதாது என்ற விமர்சனமும் உண்டு. எனவே பிள்ளையைத் தரம் பிரிக்க அல்ல, பேச வழி தேட மட்டுமே இது பயன்பட வேண்டும்.

முதல் நாள் கேள்வியே வேண்டாம். தாள், கிரேயான், களிமண், பந்து, புளியங்கொட்டை ஆகியவற்றைப் பரப்பிவிட்டு, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்த்தால் போதும். ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவு ஊரில் கலர் நூல் துண்டுகளையும் சேர்த்து வைக்கலாம். தறி வீட்டுப் பிள்ளை கோர்வை போடும் விதத்தைக் காட்டித்தரும்போது கூச்சம் தானே விலகும்.

பலரும் இடறுவது அடுத்த கட்டத்தில், கைவேலையிலிருந்து பேச்சுக்கு வரும்போது. பிள்ளை ஒரு தறியும் மூலையில் ஒரு பையனும் வரைகிறது. உடனே, “இது நீதானே? ஏன் தனியா இருக்கே?” என்று கேட்டால் வாய் மூடிவிடும். கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும்: “தறி பெருசா இருக்கு. பையன் மூலையில இருக்கான்.” பிறகு காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைப் பேசி நிரப்பவே கூடாது. கேட்பதானால் படத்துக்குள் நின்றே கேட்க வேண்டும்: “தறிச் சத்தம் நின்னா இவன் என்ன பண்ணுவான்?” ‘இவன்’ எப்போது ‘நான்’ ஆவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

ஓடியாடும் பிள்ளையை எதிரே உட்காரவைப்பது வீண். பக்கத்தில் உட்கார்ந்து பந்தை உருட்டியபடி பேசலாம். தாளம் பிடிக்கும் பிள்ளை கோபத்தை மேசையில் தட்டிக்காட்டும். எண்ணப் பிடித்தால் புளியங்கொட்டை: “பள்ளிக்கூடத்துக்குப் போக எத்தனை கொட்டை பயம்? இருட்டுக்கு எத்தனை?” பதிலைவிட, கொட்டையைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் வரும் தயக்கம் அதிகம் சொல்லும்.

ஒவ்வொரு முறையும் எல்லாப் பொருளையும் மறுபடி பரப்ப வேண்டும். போன வாரம் வரைந்த பிள்ளை இந்த வாரம் களிமண்ணைத் தேடலாம். “உங்க பிள்ளைக்குப் படம்தான் வரும்” என்று பெற்றோரிடம் முத்திரை குத்துவது பெருந்தவறு.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் புகார் செய்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.