நம்ம ஆளா, நம்ம கருத்தா? வேட்பாளரை நிறுத்துப் பார்க்க ஒரு பாடம்



தேர்தல் வந்தால் லயத்துக்கு லயம் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்ம ஆள் யாரு?" இந்தக் கேள்வி தப்பில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, அடுத்த வருடமே வாக்கையும் இழந்தவர்கள் நமது பாட்டன் பாட்டிமார். விடுபட்டுப் போனவர்களுக்கும் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சபையில் நம்மவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு: "நாம் நினைப்பதை அவரும் நினைக்கிறாரா?"

இந்தப் பாடம் அதைப் பற்றியது. எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ நாம் எழுதவில்லை.

புத்தளத்தைப் பாருங்கள்

புத்தளம் மாவட்டத்தில் தேயிலை கிடையாது. தென்னந்தோட்டம், உப்பளம், மீன்பிடி, இறால் பண்ணை என்று அங்கே பிழைப்பு வேறு. ஆனாலும் அந்தக் கரையோரத்துச் சிறுபான்மை மக்களும், இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் சிதறி வாழும் நம் மக்களும் ஒரே நிலையில் இருந்தவர்கள்தான். வாக்கு இருக்கும், ஆனால் பல கட்சிகளுக்குப் பிரிந்து போய்விடும், உறுப்பினர் கிடைக்கமாட்டார்.

பாராளுமன்றத்தில் புத்தளம் மாவட்டத்துக்கு 8 இடம். விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1989இல். அதற்குப் பிறகு முப்பது வருடமாக, அம்மாவட்ட முஸ்லிம் மக்களால் தங்கள் வாக்கால் நேரடியாக ஒருவரை அனுப்ப முடியவில்லை. 2020 ஆகஸ்ட் தேர்தலில் போட்டிக் கட்சிகள் ஒன்றுசேர்ந்து, முஸ்லிம் தேசிய கூட்டமைப்பாகத் தராசுச் சின்னத்தில் நின்றன. அலி சப்ரி ரஹீம் தெரிவானார். ஊரே மகிழ்ந்தது.

மூன்று மாதம் கூட ஆகவில்லை. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டும் திருத்தம் அது. ஆதரவாக 156, எதிராக 65. எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்து ஆதரவாக வாக்களித்தவர்களில் புத்தளம் உறுப்பினரும் ஒருவர். அவருடைய கட்சித் தலைவரோ எதிர்த்து வாக்களித்தார். மலையகத்திலும் இதேதான்: பதுளையில் தெரிவான அ. அரவிந்த்குமார் ஆதரித்தார், அவர் சார்ந்த கூட்டணியின் தலைவர் மனோ கணேசன் எதிர்த்தார்.

யார் செய்தது சரி என்பதை அந்தந்த மாவட்ட மக்கள் சொல்லட்டும். நாம் படிக்க வேண்டியது வேறு. "நம்ம ஆள்" என்பது ஒரு விஷயம், "நம்ம கருத்து" என்பது இன்னொரு விஷயம். முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒத்துப் பார்ப்பது எப்படி?

நெதர்லாந்து நாட்டில் 1989இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். அதில் வரிசையாகக் கூற்றுகள். வாக்காளர் ஒவ்வொன்றுக்கும் "சரி", "சரியில்லை" என்று குறித்து, எந்தக் கட்சியின் பதில் தன் பதிலோடு கூடுதலாக ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பார்ப்பார். ஜெர்மனியில் 2002 முதல் இதையே கணினியில் செய்கிறார்கள். நமக்குக் கணினி தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

1. முதலில் நம் பதிலை எழுதுவோம். வேட்பாளர் பேசிய பிறகு எழுதினால் அவர் பதில்தான் நம் பதிலாகிவிடும். கணவன் மனைவி தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது.

2. எல்லாரும் "ஆம்" சொல்லும் கேள்வியை விடுவோம். "சம்பளம் கூட்டுவீங்களா?" என்றால் எந்த வேட்பாளர் இல்லை என்பார்? 1000 ரூபா நாட்சம்பளம் பல மேடைகளில் கேட்ட பேச்சு. வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். வந்த பிறகு "நாளுக்கு எத்தனை கிலோ?" என்ற தகராறு பல தோட்டங்களில் கிளம்பியது. ஆகவே கேட்க வேண்டியது: எத்தனை கிலோவுக்கு? எந்தத் திகதியிலிருந்து? கம்பனி மறுத்தால் என்ன செய்வீர்கள்?

3. இரண்டு இடத்திலும் ஒரே பேச்சா என்று பார்ப்போம். கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவாக்காட்டில் கொட்டும் திட்டத்தை அவ்வூர் மக்கள் 2018, 2019இல் கடுமையாக எதிர்த்தார்கள். கொழும்பு மக்களுக்கோ குப்பை வெளியே போக வேண்டும். இரண்டு மாவட்டத்திலும் ஒரே கட்சி வாக்குக் கேட்கும். "உங்க கட்சியின் கொழும்பு வேட்பாளரும் இதைத்தான் சொல்வாரா?" என்று கேட்டால் உண்மை தெரியும். தோட்டத்திலும் டவுனிலும் வேறு வேறாகப் பேசுபவரை இப்படியே பிடிக்கலாம்.

4. முக்கியமானதற்கு இரண்டு புள்ளி போடுவோம். பத்தில் எட்டு ஒத்துப்போனாலும், ஒத்துவராத இரண்டும் நம் காணியும் பிள்ளை படிப்பும் என்றால் அது பெரிய இடைவெளி.

5. தேர்தலுக்குப் பிறகும் பார்ப்போம். பெயர் கூப்பிட்டு எடுக்கும் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பது ஹன்சாட்டில் பதிவாகும். கொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பொதுத்தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு, அதே கட்சியில் மூன்று பேர் வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம். பலர் இதைப் பாவிப்பதில்லை. கட்சி நமக்குப் பிடித்திருந்தும் ஒரு வேட்பாளர் நம் கருத்தோடு ஒத்துவராவிட்டால், ஒத்துவருபவரை மேலே தள்ளிவிடும் வழி இதுதான்.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்குச் சரி, சரியில்லை, தெரியாது என்று வீட்டில் எல்லாரும் குறியுங்கள்.

அ. வீட்டுக் காணி உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.
ஆ. தோட்ட ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் அரசாங்கமே நடத்த வேண்டும்.
இ. தரிசாகக் கிடக்கும் தேயிலைக் காணியை முதலில் தோட்டத்து இளைஞருக்குக் கொடுக்க வேண்டும்.
ஈ. நாட்சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தத்தை விடச் சம்பள நிர்ணய சபை தீர்மானிப்பதே நல்லது.
உ. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே பதில் வேறுபடும். சண்டை வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். பிறகு வாக்குக் கேட்டு வருபவரிடம் இதே தாளை நீட்டுங்கள். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் நாம் தட்டிக் கேட்கிறோம். ஐந்து வருடத்துக்குக் கொடுக்கும் வாக்கையும் நிறுத்துக் கொடுப்போம்.