இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும்?

ஒரு சூழலைக் கற்பனை செய்து பாருங்கள்.

மாலை ஐந்து மணி. பேராக் மாநிலத்தின் வட பகுதியில் உள்ள கிரிக் நகரில், ஓர் எண்ணெய் நிலையத்திற்கு எதிரே பிக்கப் வண்டி ஒன்று நிற்கிறது. உள்ளே ஓர் அப்பாவும் நான்காம் படிவத்தில் பயிலும் அவருடைய மகளும் இருக்கிறார்கள். அன்று காலை ஈப்போவிலிருந்து புறப்பட்ட அவர்கள், உறவினர்களைப் பார்த்துவிட்டுக் கோலகங்சார், லெங்கோங் வழியாக வந்திருக்கிறார்கள். கிளந்தானில் அத்தை மகளின் திருமணம். வண்டியின் பின்தட்டில் அரிசி மூட்டைகளும் பித்தளைப் பாத்திரங்களும் மடக்கு நாற்காலிகளும் அடுக்கப்பட்டுள்ளன.

எண்ணெய் நிலையத்தில் வாகனங்கள் நீண்ட வரிசையில் நிற்கின்றன.

"வரிசையைப் பார்த்தாயாம்மா? அரை மணி நேரமாவது ஆகும். திரையில் இன்னும் 130 கிலோமீட்டர் போகலாம் என்று காட்டுகிறது. ஜெலி இங்கிருந்து 120 கிலோமீட்டர்தான். அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம்," என்கிறார் அப்பா.

"அப்பா, அந்த 130 என்ற எண் எப்படி வந்தது?" என்று கேட்கிறாள் மகள்.

அப்பா சாவியைத் திருப்பாமல் ஒரு கணம் யோசிக்கிறார். அவளுடைய கேள்வி எளிமையானதுதான். ஆனால், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, அன்றிரவு அவர்கள் திருமண வீட்டில் இருப்பார்களா, நடுக்காட்டில் இருப்பார்களா என்பது முடிவாகும்.

எதிரே இருக்கும் சாலை

கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்வது கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை. 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தச் சாலை, தீபகற்ப மலேசியாவின் வட பகுதியில் மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைக்கிறது. பெலும்–தெமெங்கோர் காட்டின் ஊடே சென்று, தெமெங்கோர் ஏரியைப் பாலங்களின் வழியே கடந்து, தித்திவங்சா மலைத்தொடரின் மீது ஏறி இறங்குகிறது. அதன் மிக உயரமான பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேல் அமைந்துள்ளது. வழியில் எண்ணெய் நிலையத்தை நம்பிப் போக முடியாது. பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசையும் கிடைக்காது. காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி என்பதால் எச்சரிக்கைப் பலகைகளும் நடப்பட்டுள்ளன. வண்டி நின்றுவிட்டால் இறங்கி நடந்து உதவி தேடலாம் என்று இங்கே நினைக்க முடியாது.

திரையில் தெரியும் எண்

வண்டியில் உள்ள கணினி இரண்டு செய்திகளை அறிந்திருக்கிறது. ஒன்று, தொட்டியில் மீதமுள்ள எரிபொருளின் அளவு. மற்றொன்று, அண்மையில் வண்டி ஒரு லிட்டருக்குச் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே திரையில் தெரியும் எண்.

நம் கதையில் வரும் வண்டியின் தொட்டி 80 லிட்டர் கொள்ளும். அதில் இப்போது 13 லிட்டர் டீசல் இருக்கிறது. ஈப்போவிலிருந்து பெரிய ஏற்றங்கள் இல்லாத சாலையில் சீராக வந்ததால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்திருக்கிறது. 13ஐ 10ஆல் பெருக்கினால் 130. கணக்கில் பிழையில்லை.

ஆனால், அந்த 10 கிலோமீட்டர் என்பது கடந்து வந்த சாலையின் கணக்கு. இனி வரப்போகும் மலையைப் பற்றிக் கணினிக்கு எதுவும் தெரியாது. நேற்றுப் பெய்த மழையை அளந்துவிட்டு நாளைக்கும் அவ்வளவே பெய்யும் என்று சொல்வதைப் போன்றதுதான் அந்த எண். அது ஒரு மதிப்பீடு, வாக்குறுதி அன்று.

மலையேற எவ்வளவு வேண்டும்?

மலையேற்றத்திற்குக் கூடுதலாக எவ்வளவு டீசல் வேண்டும்? அறிவியல் வகுப்பில் படித்த ஈர்ப்பாற்றல் இங்கே கைகொடுக்கும். ஒரு பொருளை உயரத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல், அதன் பொருண்மை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கமாகும்.

வண்டியின் பொருண்மை 2,000 கிலோகிராம், ஆள்களும் சுமையும் 700 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,700 கிலோகிராம். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், தேவையான ஆற்றல் ஏறத்தாழ 24 மில்லியன் ஜூல்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மில்லியன் ஜூல் ஆற்றல் உண்டு. ஆனால், இயந்திரம் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றுகிறது என்று கொள்வோம். எஞ்சியது வெப்பமாக வெளியேறிவிடும். ஆக, ஒரு லிட்டர் தரும் பயனுள்ள ஆற்றல் 12 மில்லியன் ஜூல். வண்டியை மலை உச்சிக்குத் தூக்குவதற்கு மட்டும் 2 லிட்டர் செலவாகும்.

சமதளச் சாலையில் 120 கிலோமீட்டருக்கு 12 லிட்டர். அத்துடன் மலையேற்றத்திற்கு 2 லிட்டர். மொத்தம் 14 லிட்டர். தொட்டியில் இருப்பதோ 13 லிட்டர்.

"இறங்கும்போது டீசல் மிச்சமாகுமே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், ஆனால், செலவிட்டது முழுவதும் திரும்பக் கிடைக்காது. வளைவுகளில் வேகத்தைக் குறைக்கத் தடுப்பை அழுத்தும்போதெல்லாம், அரும்பாடுபட்டுச் சேர்த்த ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. மேலும், இந்தச் சாலை ஒரே முறை ஏறி ஒரே முறை இறங்குவதன்று. பல முறை ஏறி இறங்குகிறது. எனவே, தேவை 13 லிட்டருக்கும் 14 லிட்டருக்கும் இடையில் இருக்கும் எனலாம். அதாவது, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஜெலியை எட்டுவது ஐயமே.

முள்ளையும் விளக்கையும் எவ்வளவு நம்பலாம்?

தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எரிபொருள் குறையும்போது மிதவை தாழ்கிறது. அதனுடன் இணைந்த கம்பி மின்தடையை மாற்ற, மீட்டரின் முள் நகர்கிறது. வண்டி சரிவில் நிற்கும்போது எரிபொருள் தொட்டியின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அப்போது மிதவை காட்டும் அளவு உண்மை அளவைவிடக் கூடலாம், குறையவும் செய்யலாம். தொட்டி நிறைந்திருக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அடிமட்டத்தில் சில லிட்டரே இருக்கும்போது, அதுவே ஏமாற்றத்திற்குக் காரணமாகும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் வண்டி சிறிது தூரம் ஓடும். எத்தனை லிட்டர் எஞ்சியிருக்கும்போது விளக்கு எரியும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதை வண்டியின் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நண்பரின் வண்டி விளக்கு எரிந்த பின்னும் 80 கிலோமீட்டர் ஓடியது என்பதால், நம் வண்டியும் ஓடும் என்று எண்ணக்கூடாது. அவர் ஓட்டிய சாலை வேறு. ஏற்றிய சுமை வேறு. சென்ற வேகமும் வேறு.

கடைசிச் சொட்டு வரை ஓட்டுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. டீசல் தீர்ந்தால் எரிபொருள் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதன் பிறகு டீசலை ஊற்றினாலும், பல வண்டிகளில் அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் இயந்திரம் மீண்டும் இயங்கும். டீசலே அழுத்தக் குழாய்ப்பம்பின் பாகங்களுக்கு உயவாகவும் அமைகிறது. அது இல்லாமல் ஓடினால் பாகங்கள் தேயக்கூடும். மிச்சம்பிடிக்க நினைத்த அரை மணி நேரம், பட்டறையில் பல நாளாக மாறிவிடலாம்.

நடுவழியில் விளக்கு எரிந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும், சில வேளைகளில் நடுவழியில் எரிபொருள் குறையலாம். அப்போது பதற்றப்படாமல் சில செயல்களைச் செய்யலாம்.

முதலாவது, வேகத்தைக் குறைத்தல். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது இருப்பதைவிட, 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. பிக்கப் வண்டி உயரமும் அகலமும் கொண்டது. ஆகவே, இந்த விளைவு அதற்கு இன்னும் கூடுதல். விரைவாகப் போனால் எரிபொருள் தீருமுன் சேர்ந்துவிடலாம் என்பது தவறான எண்ணம்.

இரண்டாவது, விசைமிதியை மென்மையாக அழுத்தி ஒரே சீராக ஓட்டுதல். முந்திச் செல்வதையும், தேவையின்றி வேகத்தைக் கூட்டிப் பிறகு தடுப்பை அழுத்துவதையும் தவிர்க்க வேண்டும். குளிரூட்டியை நிறுத்தினாலும் சிறிது மிச்சமாகும். வண்டியை நிறுத்தியபின் இயந்திரத்தை வெறுமனே ஓடவிடக் கூடாது.

மூன்றாவது, இறக்கத்தில் கியரை நடுநிலைக்கு மாற்றாமல் இருத்தல். அப்படி மாற்றினால் எரிபொருள் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய வண்டிகளில் நடப்பது வேறு. கியரில் இருக்கும்போது விசைமிதியிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் பாய்வதைக் கணினியே நிறுத்திவிடும். சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றும். நடுநிலையிலோ, இயந்திரம் தானே ஓட எரிபொருள் தேவை. அத்துடன், இயந்திரம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பும் போய்விடும். தடுப்புகள் சூடேறிச் செயலிழக்கலாம். ஓடும் வண்டியின் இயந்திரத்தை அணைப்பது இதைவிடக் கொடியது. திசைமாற்றியும் தடுப்பும் கடினமாகி, வண்டி நம் கட்டுப்பாட்டை மீறிவிடும். சில லிட்டருக்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது.

நான்காவது, தானாக நிற்பதற்கு முன் நாமே நிறுத்துதல். வளைவில் வண்டி திடீரென நின்றால் பின்னால் வரும் சரக்குந்து மோதக்கூடும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்பான ஓய்விடத்திலோ அகலமான சாலையோரத்திலோ நிறுத்தி, அபாய விளக்கை எரியவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வைத்து உதவி நாட வேண்டும். இருட்டிய பிறகு காட்டுப் பகுதியில் வண்டியைவிட்டு நடந்து செல்லக்கூடாது.

முடிவெடுக்கும் இடம் எது?

சிறு படகுகளில் கடலுக்குச் செல்வோர் பலர் ஒரு விதியைப் பின்பற்றுவர். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. எஞ்சிய பங்கு எதிர்பாராத தேவைக்கு. கடலில் எண்ணெய் நிலையம் இல்லை என்பதால் பிறந்த விதி இது. காட்டுச் சாலைக்கும் இது பொருந்தும்.

13 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு 4 லிட்டருக்குச் சற்று அதிகம். சுமையோடு ஏறும் வண்டி அதைக்கொண்டு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போகலாம். தெமெங்கோர் ஏரியை நெருங்கும்போதே அந்த அளவு தீர்ந்துவிடும்; உச்சியோ இன்னும் வெகு தொலைவில் இருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டர் செல்லும்போதும், திரும்பி வரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஆகவே, விளக்கு எரியும் இடம் முடிவெடுக்கும் இடமன்று. கடைசி எண்ணெய் நிலையமே முடிவெடுக்கும் இடம். அங்கே நமக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. அதைத் தாண்டிய பிறகு, சிறிது நேரத்தில் ஒரு வழி மூடிவிடுகிறது.

நம் கதையில் மகள் தன் கைப்பேசியில் கணக்கைப் போட்டு அப்பாவிடம் காட்டுகிறாள். "14 வேண்டும். நம்மிடம் 13தான் இருக்கிறது, அப்பா."

அப்பா அந்த எண்களை இருமுறை பார்க்கிறார். பிறகு, "அரை மணி நேரம் போனால் போகட்டும்மா," என்று சொல்லி வண்டியை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

தொட்டி நிரம்பிய பிறகு மலையேற்றம் தொடங்குகிறது. மகள் திரையையும் சாலையோரக் கிலோமீட்டர் கற்களையும் மாறிமாறிப் பார்க்கிறாள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி 10 கிலோமீட்டர் கடப்பதற்குள், திரையில் உள்ள எண் 18 குறைந்துவிடுகிறது. அவள் அதை அப்பாவிடம் சொல்கிறாள். அவர் தலையசைத்துவிட்டுச் சாலையின் மீது கண்ணாக இருக்கிறார். சற்றுத் தொலைவில், வளைவின் ஓரத்தில், யானையின் படம் வரைந்த மஞ்சள் பலகை முகப்பு விளக்கின் ஒளியில் தெரிந்து மறைகிறது.

இரவு வெகுநேரம் கழித்து அவர்கள் திருமண வீட்டை அடைகிறார்கள்.

"ஏன் தம்பி இவ்வளவு தாமதம்?" என்று வாசலில் நின்று கேட்கிறார் அத்தை.

"எண்ணெய் ஊற்ற நின்றோம், அக்கா," என்கிறார் அப்பா. அதற்குமேல் சொல்வதற்கு எதுவும் நடக்கவில்லை.