கரடிக்குத் துப்பாக்கி தீர்வாகுமா?

நீலகிரி மாவட்டம் கோத்தகிரி, குன்னூர் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் உண்டு. தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்கலாமா என்று விவசாயிகள் கேட்பதுண்டு.

கரடிக்கு மோப்பம் கூர்மை, கண்பார்வை மங்கல். கறையான் புற்றைத் தோண்டுகையில் ஆள் வருவதைக் கவனியாது. நெருங்கியதும் மிரண்டு பாயும். அப்போது குறி பார்க்க நேரமிராது. பறவை சுடும் சிறு ரவைகள் அதைக் காயப்படுத்துமேயன்றி நிறுத்தா. காயம்பட்ட கரடி மேலும் ஆபத்தானது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றம். கரடியோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எனவே வருமுன் காப்பதே மேல்.

செய்ய வேண்டியவை:

1. விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் தனியே செல்லக் கூடாது. டார்ச், கைத்தடியுடன் இருவர் மூவராக, உரக்கப் பேசியபடி செல்ல வேண்டும்.

2. பலாவை மரத்திலேயே பழுக்க விடாமல் காயாகப் பறித்துவிட வேண்டும். எண்ணெய், உணவுக் கழிவுகளை வெளியே வைக்கலாகாது.

3. கரடியைக் கண்டால் ஓடாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். குட்டியுள்ள தாயிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

4. தாக்கினால் குப்புறப் படுத்து, கைகளால் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும்.

கரடி அடிக்கடி வந்தால் வனச்சரக அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்கவும்.