கற்றையைத் தொடாமல் அளக்கும் வேலைக்குத் தயாராகிறீர்களா?

துகள் முடுக்கியில் கற்றையின் அகலத்தை அளக்க மெல்லிய கார்பன் இழையை அதன் குறுக்கே வீசிப் பார்ப்பது பழைய வழி. கற்றை வலுத்தால் இழை கருகிவிடும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் பெரிய ஹாட்ரான் மோதியில் ஒரு கற்றையின் வடிவமைப்பு ஆற்றலே 362 மெகாஜூல். அதனால்தான் செர்ன், பிரிட்டனின் காக்கிராஃப்ட் நிறுவனம், ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ. ஆய்வகம் மூன்றும் சேர்ந்து வாயுத் திரையை உருவாக்கின.

சுமார் 30 மைக்ரான் துளை வழியே வெற்றிடத்துக்குள் பாயும் வாயு ஒலியை மிஞ்சிய வேகம் பெறுகிறது. ஸ்கிம்மர் எனும் கூம்புகள் அதன் ஓரங்களைச் சீவி, 45 பாகை சாய்ந்த மெல்லிய திரையாக்குகின்றன. கற்றை பட்ட இடம் ஒளிரும், கேமரா படமெடுக்கும். அகலம், உயரம் இரண்டும் ஒரே படத்தில் கிடைத்துவிடும்.

நேர்முகத்துக்குப் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் தேடி வையுங்கள்: திரைக்கு நைட்ரஜனா, நியானா? நைட்ரஜன் பளிச்சென்று ஒளிரும். ஆனால் 391 நானோமீட்டர் ஒளியைத் தருவது அதன் அயனி. கற்றையின் மின்புலம் அயனியை நகர்த்த, படம் கலங்கும். நியானில் 585 நானோமீட்டர் ஒளியைத் தருவது மின்னேற்றமற்ற அணு. மின்புலம் அதை நகர்த்தாது, ஆனால் ஒளி மங்கல். எந்த இடத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று உங்களால் வாதிட முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி கைவேலை. சூத்திரத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வெற்றிடக் குழாய்களை இணைக்கும் செம்பு வளையத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போடக் கூடாது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கசிவு தேடும்போது ஹீலியத்தை மேலிருந்து கீழாகத் தெளியுங்கள். கீழிருந்து தொடங்கினால் அது மேலேறி, தவறான இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். கல்லூரியில் பழைய வெற்றிட பம்ப் ஒன்று மூலையில் கிடந்தால், அனுமதி வாங்கிப் பிரித்துப் பாருங்கள்.

இயற்பியல், இயந்திரவியல், மின்னணுவியல் எதைப் படித்தவருக்கும் இங்கே இடமுண்டு. செர்ன் முடுக்கிப் பள்ளியின் பாடக் குறிப்புகள் இலவசம். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. அங்கே விண்ணப்பிக்க வழி உண்டு. உள்நாட்டில் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் இண்டஸ்-2 எனும் முடுக்கி இயங்குகிறது. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு முன்னால், நீங்களே கட்டி ஓட்டிய கருவியைப் படத்தோடு எழுதுங்கள்.