மணிக்காப்பும் ரப்பர் நூலும்

ஆனி ஆடித் திங்களில் மேற்குமலைச் சாரல் தென்காசி வீதிகளை நனைக்கத் தொடங்கியதும், குற்றாலத்துப் பேரருவிக்குச் செல்லும் வழியில் கடைகள் நிரம்பிவிடுகின்றன. பழமும் பலகாரமும் ஒருபுறமிருக்க, வளையலும் பாசிமணியும் தொங்கும் கடைகளின் முன்னே சிறுமியர் கூட்டம் குறைவதில்லை. அவர்கள் விரும்பிக் கேட்பனவற்றுள் ஒன்று, கொக்கியும் திருகும் இன்றி, இழுத்தால் விரிந்து கைக்குள் புகுந்து, விட்டால் சுருங்கி மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளும் மணிக்காப்பாகும். அக்காப்பு ஊர் திரும்புமுன்னரே அறுந்து மணிகள் சிதறுவதும் உண்டு. வாங்கியவர் கடைக்காரரை நொந்துகொள்வர். கடைக்காரரோ இழுத்த கையை நொந்துகொள்வர். மெய்யான காரணம் யாதென்று சற்று ஆராய்ந்து, அதனை நாமே செய்துகொள்ளும் முறையையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ரப்பர் மரங்களைக் காண விரும்புவோர் செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து புனலூர்ப் பக்கம் சென்றாற் போதும். அம்மரத்தின் பாலை உறையச் செய்து எடுத்த ரப்பர் தன்னியல்பில் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் என்பார் அதனுடன் கந்தகம் கூட்டிச் சூடேற்றி அக்குறையை நீக்கும் வழி கண்டார். ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாய்ச் சுருண்டு கிடக்கின்றன. இழுக்குங்கால் அவை நிமிர்கின்றன. கந்தகம் அவற்றை ஆங்காங்கே பிணைத்திருத்தலின், விட்டவுடன் பழையபடி சுருளுகின்றன. அகன்ற ரப்பர் வளையம் ஒன்றைச் சடுதியில் இழுத்து உதட்டில் வைத்துப் பார்க்கும் மாணவர், அது வெதுவெதுப்பாயிருத்தலைத் தாமே உணர்வர்.

இத்தகைய ரப்பருக்கு வெயிலும் காற்றும் பகை, எண்ணெயோ பெரும்பகை. எண்ணெயை உறிஞ்சிய ரப்பர் ஊதி வலியிழக்கும். குற்றாலத்திற்கு வருவோர் உடல் முழுதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதே முன்னாளில் வழக்கமாயிருந்தமையின், அவர்கள் கையிற் கிடந்த காப்பு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பழியை அருவிநீரின்மேற் சுமத்துவோர் உளர். நீர் பெரிதும் குற்றமற்றது. இக்காலத்தில் கண்ணாடிபோல் தெளிந்த இழுபடு நூல் ஒன்று விற்கின்றது. அது பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளாலாயது. எண்ணெயை ரப்பரினும் நன்கு தாங்கும். ஆதலின் அதனையே கொள்க.

நிற்க. காப்பு அறுவதற்கு மற்றொரு காரணம் அளவுப் பிழை. மணிக்கட்டை நூலால் அளந்து, அந்நீளத்திற்கே மணி கோப்பவர் பலர். மணியின் பருமன் உள்வட்டத்தைக் குறைத்துவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. கணிதம் பயில்வோர்க்கு இஃது எளிது: மணிகளின் நடுவே ஓடும் நூலின் வட்டத்தைவிட, கையைத் தொடும் உள்வட்டம், மணியின் குறுக்களவைப் பையால் பெருக்கி வரும் அளவு சிறியது. 8 மில்லிமீட்டர் மணியாயின் இக்குறைவு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். எனவே 160 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள மணிக்கட்டிற்கு 160-ஐ எட்டால் வகுத்து 20 மணி கோத்தால் காப்பு இறுக்கமாகிவிடும். நூல் ஓயாமல் இழுபட்டே நிற்கும். 25-ஐக் கூட்டி 185 ஆக்கி வகுத்து, 23 மணி கோப்பதே முறை. 2 மில்லிமீட்டர்ச் சிறுபாசிக்கோ 6 மில்லிமீட்டர் கூட்டினாற் போதும்.

இனிச் செய்முறை. தேவைக்கு மேல் ஒரு சாண் நூலை மிகுதியாக வெட்டி, கோப்பதற்கு முன்னரே இரு கையாலும் நாலைந்து முறை மெல்ல இழுத்து விடுக. இல்லையேல் அணிந்த சில நாளில் நூல் தளர்ந்து மணிகளுக்கிடையே வெளி தோன்றும். ஒரு முனையில் துணி உலர்த்தும் கவ்வியை மாட்டினால் மணி நழுவாது. கல்மணியாயின் துளையின் விளிம்பு கூராயிருக்கின்றதா என்று ஊசி விட்டுத் தடவிப் பார்த்தல் வேண்டும்; கூரான ஒரு துளை நூலை அரத்தைப்போல் அராவிவிடும். (துளையிடுதலே மணித்தொழிலில் அரிய பகுதி. நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பழங்காலப் பளிங்கு, சூதுபவள மணிகளுள் வேலை முற்றுப்பெறாதனவும் உள.) முடிச்சு அறுவை வைத்தியர் இடுவது போன்றதாக இருக்கட்டும்: முதற் சுற்றில் நூலை இருமுறை வளைத்து இறுக்கி, அடுத்த சுற்றை எதிர்ப்புறமாக இடுக. சாதாரண முடிச்சு இந்நூலில் நழுவும். நொடியில் இறுகும் பசையை முடிச்சின்மேல் விடுவது நன்றன்று. நூல் அவ்விடத்தில் விறைத்து ஒடியும். பெருந்துளையுள்ள மணி ஒன்றைக் கடைசியாகக் கோத்து, முடிச்சை அதனுள் இழுத்து மறைத்துவிடலாம்.

எவ்விதை மணியாகும், எது ஆகாது என்பது இவை எல்லாவற்றினும் முதன்மையான செய்தி. செக்கச் சிவந்து, ஒரு முனை கறுத்த குன்றிமணியின் அழகில் மயங்காதார் யார்? தட்டார் பொன் நிறுத்ததும் அதனாலேயே. ஆயினும் அதனுள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சுண்டு. ஓடு உடையாத விதை விழுங்கப்பட்டாலும் பெரும்பாலும் செரியாமலே கழிந்துவிடும். காப்பில் கோப்பதற்கென்று துளையிட்டவுடனே அவ்வோட்டின் காவல் போய்விடுகின்றது. கையிலுள்ளதை வாயில் வைத்துக் கடிப்பது குழந்தையின் இயல்பு. நன்கு மென்ற ஒரு விதையே குழந்தையின் உயிருக்கு இடர் செய்யக்கூடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தோன்றும். மாற்று மருந்து இல்லை. குழந்தை கடித்ததென ஐயுற்றாலும் குறி தோன்றுமளவும் காத்திராது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஈடன் பிராஜெக்ட் என்னும் தாவரச் சாலை, தான் விற்ற ஏறத்தாழ 2,800 குன்றிமணிக் காப்புகளைத் திருப்பித் தருமாறு 2011 டிசம்பரில் வாங்கியோரை வேண்டிக்கொண்டது. தாவரங்களைப் பற்றிக் கற்பிக்கும் சாலைக்கே இது நேர்ந்ததெனின், நம் சந்தைகளில் விதைமாலை வாங்குவோர் பார்த்து வாங்குதல் வேண்டாமோ?

விதைதான் வேண்டுமென்பார்க்குக் கல்வாழையின் கரிய விதை உண்டு. துளையிடச் சற்றே உழைப்பு வேண்டும். துளசிக் கட்டை மணியும், உருத்திராக்கமும், கண்ணாடிப் பாசியும் எங்கும் கிடைப்பன. எனினும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த மணிக்காப்பும் வேண்டா. நூல் அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும். பெரியோர் அணியும் காப்பையும், முடிச்சருகே நூல் வெளுத்தோ மெலிந்தோ காணப்பட்டால், அறுமுன்னரே கத்தரித்து, ஒரு தட்டில் மணிகளைக் கொட்டி, புதுநூலில் மறுபடி கோத்துக்கொள்க. கால்மணி நேர வேலைதான்.