மங்கலான பொருளைப் பெரிதாக்கிப் பாருங்கள்

நெபுலா, கேலக்ஸி போன்ற மங்கலான பொருள்களுக்குக் குறைந்த உருப்பெருக்கமே ஏற்றது என்று, புதிதாகத் தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது பாதி உண்மைதான் என்பது என் அனுபவம். பொருளைத் தேடிப் பிடிக்கக் குறைந்த உருப்பெருக்கம் வேண்டும். பிடித்ததை நன்றாகப் பார்க்க அது போதாது.

எம்51 என்ற சுழல் கேலக்ஸியை எடுத்துக்கொள்வோம். 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் உள்ள டாப்சோனியனில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு கிடைக்கும், 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. இரண்டாவதில் கேலக்ஸியின் பரப்பொளி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்னாலிருக்கும் வானமும் அதே அளவு கறுக்கிறது. இரண்டுக்கும் உள்ள ஒளி விகிதம் மாறுவதே இல்லை. மாறுவது விழித்திரையில் விழும் பிம்பத்தின் அளவு. இருட்டில் கண் பல குச்சி செல்களுக்கு வரும் ஒளியைக் கூட்டித்தான் எதையும் உணர்கிறது. ஆகவே வானத்தோடு ஒட்டியிருக்கும் சிறு திட்டு கண்ணுக்குத் தப்பிவிடும். அதே திட்டு பெரிதானால் புலப்படும். 1946இல் பிளாக்வெல் வெளியிட்ட கண் பார்வை அளவீடுகள் இதைக் காட்டின. ரோஜர் கிளார்க் 1990இல் அவற்றைத் தொலைநோக்கிப் பார்வைக்குப் பொருத்தி ஒரு நூலே எழுதினார். இதற்கும் எல்லை உண்டு: பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பொருளும் வானமும் சேர்ந்து இருளில் மறையும். அந்த எல்லை ஒவ்வொரு பொருளுக்கும் வேறு என்பதால், ஐபீஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கெல்லாம் கண் தயாராக இருக்க வேண்டும். இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்; ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தாலே பழகியது போய்விடும். விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்களே இல்லை. அதனால் பொருளை நேராகப் பார்க்காமல் சற்று விலக்கிப் பாருங்கள். வலக்கண்ணால் பார்க்கும்போது பொருளுக்கு வலப்புறம் நோக்குங்கள். இடப்புறம் நோக்கினால் பொருள் குருட்டுப் புள்ளியில் விழக்கூடும்.

எம்33 போல முழுநிலவின் இரு மடங்குக்கும் மேல் விரிந்த பொருளை என்ன செய்வது என்று கேட்கலாம். முழு வடிவத்துக்குக் குறைந்த உருப்பெருக்கமே சரி. ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் என்ஜிசி 604 என்ற நெபுலா, பெரிதாக்கினால்தான் தனியாகத் தெரியவரும். நகர வெளிச்சத்தில் இது உதவுமா என்றால், ஓரளவுதான். விளக்கொளி விழுங்கிய விகிதத்தை எந்த ஐபீஸும் திருப்பித் தராது. ஒளி உமிழும் நெபுலாக்களுக்கு ஓ-3 ஃபில்டர் கைகொடுக்கும். அது விடும் 501 நானோமீட்டர் ஒளி, குச்சி செல்கள் மிக நன்றாக உணரும் 507 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேலக்ஸியின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவிக் கிடப்பதால் அதற்கு ஃபில்டர் பயன்படாது. இருண்ட ஊருக்குப் போகத்தான் வேண்டும்.

புகைப்படத்தில் பார்த்ததைத்தான் மனம் வானத்தில் வரைந்துகொள்கிறது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். எம்51இன் சுழலை ராஸ் பிரபு 1845இலேயே, கேலக்ஸிகளைப் புகைப்படம் எடுக்க முடியாத காலத்தில், 72 அங்குலத் தொலைநோக்கியில் கண்ணால் கண்டு வரைந்தார். நமக்கு அந்த வசதி இல்லை; படங்களை முன்பே பார்த்துவிட்டோம். எனவே சோதித்துக்கொள்ள வேண்டும். குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள்: உண்மையான பொருள் சுற்றியுள்ள விண்மீன்களோடு சேர்ந்து அசையும், மனம் வரைந்தது அசையாது. அந்த அசைவே மங்கலானதைக் கண்ணில் படவும் வைக்கும். பார்த்ததைப் பென்சிலால் வரைந்துவிட்டுப் பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஏப்ரல் அமாவாசையை ஒட்டி எம்51 நள்ளிரவுவாக்கில் உச்சத்துக்கு வரும். அன்று பத்துப் பொருள்களைத் தேடி ஓடாமல், 10 மி.மீ. ஐபீஸை மாட்டி அது ஒன்றையே கால் மணி நேரம் பாருங்கள்.